மூணாவது படிக்கிற பையன் தினமும் ஸ்கூலுக்கு லேட்டு, என்ன பண்றதுன்னே தெரியல

திருப்பூர்காரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன், தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க. என் பையன் மூணாவது படிக்கறான், கவர்மெண்ட் ஸ்கூல்தான், வீட்ல இருந்து நடந்தா பத்து நிமிஷம். ஆனா வாரத்துல நாலு நாள் லேட்டு. ஒம்பது இருபதுக்கு பெல்லு, இவன் போய்ச் சேரும்போது ஒம்பதே முக்கால், பத்து ஆயிருது. போன மாசம் மட்டும் ஆறு நாள் லீவு போட்டிருக்கான், அதுல ரெண்டு நாள்தான் நெசமாவே காய்ச்சல், மீதியெல்லாம் வயித்து வலி தலை வலின்னு சொல்லி படுத்துக்கறதுங்க, பதினொரு மணிக்கு மேல பாத்தா தெருவுல வெளையாடிட்டு இருப்பான்.

எங்க வீட்டு நெலமையும் சொல்லிடறேன். நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், எட்டு இருபதுக்கு வேன் வந்துரும், ஒன்றரை ஷிப்ட்டு பாத்துட்டு வீட்டுக்கு வர ராத்திரி ஒம்பது ஆயிரும். அவங்க அப்பா நிட்டிங்ல நைட் ஷிப்ட்டு, காலைல வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. பையனைக் கெளப்பி ஸ்கூல்ல விடறது என் மாமியார்தான், அவங்களுக்கு எழுபது வயசு, முட்டி வலி வேற. நான் கெளம்பறப்ப எழுப்பி விட்டுட்டுத்தான் போவேன், நான் போனதும் திரும்பப் படுத்துக்கறான்.

போன வாரம் லேட்டா வந்த பசங்களை எல்லாம் பிரேயர் முடிஞ்சும் அரை மணி நேரம் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்களாம், அதுல இருந்து இன்னும் மோசம், லேட்டுன்னு தெரிஞ்சாலே போக மாட்டேன்னு அழுகறான். டீச்சர் என்னைய வரச் சொல்லி நோட்டுல எழுதி விட்டிருக்காங்க, எனக்கு ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிரும். மூணாவதுதானே, பெரிய கிளாஸ் போனா சரியாயிடுவான்னு வீட்டுக்காரர் சொல்றாரு. நெசமாவே அப்படி சரியாயிருமா? இல்ல நான் இப்பவே ஏதாச்சும் பண்ணணுமா?


பவானி_மீன்:

சரியாகாதுங்க. எங்க அக்கா பையன் இப்படித்தான், ரெண்டாவதுல சரியாயிருவான், அஞ்சாவதுல சரியாயிருவான்னு சொல்லிச் சொல்லி இப்ப ஒம்பதாவது, இன்னிக்கும் பத்து மணிக்குத்தான் பல்லு வெளக்கறான். ராத்திரி போனைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டுங்க, ஒம்பது மணிக்கு லைட்டை அணைங்க, காலைல ஆறு மணிக்கு மூஞ்சில தண்ணி தெளிங்க. ஒரு வாரம் அழுவான், அப்புறம் பழகிரும். பாசம் பாத்தா வேலைக்காகாது.


சாக்பீஸ்_டீச்சர்:

திருப்பூர்காரி சிஸ்டர், நான் தொடக்கப் பள்ளி டீச்சர்தான், ஈரோடு பக்கம், பதினெட்டு வருஷம் ஆச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு கணக்கு. ஆர்டிஇங்கற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துல ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் வருஷத்துக்கு கொறஞ்சது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கணும்னு இருக்கு. அதாவது ஒரு நாளைக்கு 4 மணி நேரம். உங்க பையன் தினமும் அரை மணி நேரம் லேட்டுன்னு வெச்சுக்கங்க, 200 நாளைக்கு 100 மணி நேரம் போச்சு, நாலால வகுத்தா 25 நாள். லீவே போடாம, நாங்க அட்டெண்டன்ஸ் போடற எமிஸ் ஆப்ல தினமும் வருகைன்னு பதிவாகியும், ஒரு மாசப் படிப்பு காணாமப் போயிருது. அதுக்கு மேலதான் நீங்க சொல்ற ஆறு நாள் லீவெல்லாம். அப்பா அம்மா யாருக்கும் இது கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா ரேங்க் கார்டுல இதுக்குன்னு ஒரு கட்டம் கெடையாது.

அந்த அரை மணி நேரத்துல அப்படி என்ன நடக்குதுன்னு கேப்பீங்க. என் கிளாஸ்ல நடந்ததையே சொல்றேன். போன வருஷம் ஒரு திங்கக்கிழமை காலைல முத வேலையா கடன் வாங்கிக் கழிக்கறது சொல்லிக் குடுத்தேன், தீக்குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரிச்சு ஒண்ணுக்கு மாத்தறதைக் காட்டி. ஒரு பையன் பத்து மணிக்கு வந்தான், அப்ப தீக்குச்சி எல்லாம் டப்பாக்குள்ள போயாச்சு. செவ்வாக்கெழம வரல. புதன்கிழமை பயிற்சித்தாள் குடுத்தா 52ல இருந்து 27 போக 35ன்னு போட்டிருக்கான். எப்படிடா வந்துச்சுன்னேன். ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணுன்னான். அவனுக்கு மூளை இல்லாம இல்ல, பெரிசுல இருந்து சின்னதைக் கழிக்கணும்னு அவனா ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கான், நடுவுல நடந்ததை அவன் பாக்கவே இல்லையே. அதை மாத்த எனக்கு மூணு வாரம் ஆச்சு. தப்பா ஊறிப் போனதை எடுக்கறது புதுசா சொல்லித் தர்றதை விட கஷ்டம்.

எண்ணும் எழுத்தும்னு கவர்மெண்ட் திட்டம் வந்த பிறகு பசங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நெலை பிரிச்சுத்தான் உக்கார வெச்சு நடத்தறோம். காலைல பாட்டு, கதை, அப்புறம் குழு குழுவா வேலை. நடுவுல வர்ற புள்ளைக்கு எந்தக் குழுல உக்கார்றது, எந்தப் பக்கம்னே தெரியாது, பக்கத்துல இருக்கறவன் புக்கை எட்டி எட்டிப் பாக்கும், இல்லன்னா பேசாம ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்துரும். ரெண்டு மாசம் இப்படிப் போனா தனக்கு எதுவும் வராதுன்னு அதுவே முடிவு பண்ணிரும். அப்பத்தான் இந்த வயித்து வலி ஆரம்பிக்கும். அது நடிப்புன்னு நெனைக்காதீங்க, பயத்துல நெசமாவே வலிக்கும். பெல்லு அடிச்சு எல்லாரும் உள்ள போன பெறகு வலி போயிரும், அதான் பதினொரு மணிக்குத் தெருவுல வெளையாடறான். பவானி_மீன் சொன்ன மாதிரி தண்ணி தெளிச்சு எழுப்பலாம், எழுப்பின பெறகு அழுகறதுக்கு என்ன பண்றது?

கேட்டுக்கு வெளிய நிறுத்தினது தப்பு. லேட்டா வந்த புள்ளைய இன்னும் அரை மணி நேரம் லேட்டாக்கறதுல என்ன அர்த்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அதே ஆர்டிஇ சட்டத்துல 17வது பிரிவு, உடம்புக்கோ மனசுக்கோ நோகற மாதிரி தண்டனை குடுக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. சண்டைக்குப் போக வேண்டாம், எச்எம் கிட்ட உங்க ஷிப்ட்டு நெலமையச் சொல்லி, லேட்டா வந்தா திட்டாம உள்ள விடுங்க, நாங்க இதைச் சரி பண்ணிட்டு இருக்கோம்னு கேளுங்க. நேர்ல போக முடியலைன்னா போன்ல பேசுங்க, அப்பவும் கேக்கலைன்னா எஸ்எம்சில, அதான் பள்ளி மேலாண்மைக் குழுல சொல்லுங்க, அந்தக் குழுல முக்கால்வாசி பேர் பெத்தவங்கதான் இருக்கணும்.

இன்னொண்ணு கேக்கணும். உங்க ஸ்கூல்ல காலைல டிபன் போடறாங்களே, அவன் அங்க சாப்பிடறானா, வீட்லயா?


ஓஎம்ஆர்_வாசி:

டீச்சர் சொன்னதெல்லாம் ஓகேதான், ஆனா எல்லாரும் அட்டெண்டன்ஸை ஓவரா பில்டப் பண்றீங்களோன்னு தோணுது ஜி. நான் ஸ்கூல்ல வருஷத்துக்கு நாப்பது நாள் கட் அடிச்சிருப்பேன், இன்னிக்கு நல்லாத்தான் இருக்கேன். என் பொண்ணு படிக்கிற பிரைவேட் ஸ்கூல்ல ஹண்ட்ரட் பர்சென்ட் அட்டெண்டன்ஸுக்கு மெடல் குடுக்கறாங்க, அந்த மெடலுக்காக மெட்ராஸ் ஐ வந்த புள்ளைக்கு கூலிங் கிளாஸ் மாட்டி அனுப்பினாங்க ஒரு அம்மா, மூணே நாள்ல பாதி கிளாஸுக்குக் கண்ணு செவந்துருச்சு. உடம்பு சரியில்லன்னா வீட்ல வெச்சுக்கறதுதானே நியாயம்? அப்புறம் தாத்தா பாட்டி ஊர்ல திருவிழா, காது குத்துன்னா புள்ளைய விட்டுட்டா போக முடியும், அதுவும் ஒரு படிப்புதானே.


சாக்பீஸ்_டீச்சர்:

ஓஎம்ஆர் தம்பி, காய்ச்சல், அம்மை, மெட்ராஸ் ஐன்னா கண்டிப்பா வீட்லதான் வெச்சுக்கணும், அந்த மெடலே வேண்டாங்கறதுதான் என் கருத்தும். காது குத்துக்கு ஒரு நாள் போறதையும் யாரும் தப்பு சொல்லல. ஆனா ஞாயித்துக்கெழம காது குத்து, திங்கக்கெழம அசதி, செவ்வாக்கெழம சீருடை காயல, இப்படித்தான் எங்க கிளாஸ்ல நடக்குது. திங்கக்கெழம காலைல என் கிளாஸை வந்து பாருங்க, பண்டிகை முடிஞ்ச பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். நீங்க கட் அடிச்சப்ப வீட்ல யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பாங்க, இல்ல டியூஷன் இருந்திருக்கும். எங்க புள்ளைங்களுக்கு நாங்க நடத்தறதுதான் மொத்தமும், அது போனா வேற வழி இல்ல.


வடலி:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன் பக்கம் இருக்கிறன். இங்கத்தைய நடைமுறையக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எண்டு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பதிவு எடுப்பினம். பதிவு மூடினாப் பிறகு பிள்ளை போனா, வகுப்பில இருந்தாலும் அந்தக் காலமை முழுக்க வரேல்லை எண்டுதான் கணக்கு. பத்துக் கிழமைக்குள்ள, உங்கட கணக்கில பத்து வாரம், இப்பிடி பத்து அரை நாள் காரணமில்லாமல் போச்செண்டா காசு கட்டச் சொல்லி கடிதம் வரும். 2024 ஓகஸ்ட்டில இருந்து முதல் தரம் 80 பவுண்ஸ், 21 நாளுக்குள்ள கட்டாட்டி 160. அதுவும் தாய்க்கு வேற, தகப்பனுக்கு வேற, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற. நாங்கள் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஊருக்குப் போய் ஏழு நாள் பள்ளிக்கூடம் விட்டம், ரெண்டு பிள்ளையள், நாலெண்பது 320 பவுண்ஸ் கட்டினனாங்கள். கலியாணத்துக்கு மொய் வைச்சதை விடக் கூட.

எண்டாலும் ஒண்டு சொல்லோணும், காசு கட்டினாப் பிறகு நாங்கள் திருந்தினம் எண்டில்லை, அடுத்த முறை விடுமுறையில ரிக்கெற் போட்டம், அவ்வளவுதான். பிள்ளை நேரத்துக்குப் போகத் தொடங்கினது வேற காரணத்தால. அவனுக்குப் பக்கத்து வீட்டில ஒரு சிநேகிதன் கிடைச்சான், அவன் எட்டரைக்கு வந்து கதவைத் தட்டுவான், இவன் அதுக்கு முதலே சப்பாத்து போட்டுக்கொண்டு நிப்பான்.


பவானி_மீன்:

அபராதமெல்லாம் இங்க போட்டா பனியன் கம்பெனில வேலை செய்யறவங்க அட்வான்ஸ் வாங்கித்தான் கட்டணும், அந்தக் கடனை அடைக்க இன்னும் அரை ஷிப்ட்டு சேத்துப் பாப்பாங்க, புள்ள இன்னும் லேட்டா போகும். ஆனா அந்த சிநேகிதன் ஐடியா நல்லாருக்கு.


கோபி_தாத்தா:

கண்ணு, நான் எழுபத்தி மூணு வயசுக் கெழவன், பேரன்தான் டைப் பண்ணித் தர்றான். டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லல, ஏன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல்ல போய் டிபன் சாப்பிட்டா நம்மள இல்லாதவங்கன்னு நெனைப்பாங்கன்னுதானே? காமராசர் மதியச் சோறு போட்ட காலத்துல நானும் தட்டைத் தூக்கிட்டு வரிசைல நின்னவன்தான், எங்கூட நாலு ஏக்கராக்காரன் பையனும் நின்னான். 1982ல எம்ஜிஆரு சத்துணவு கொண்டாந்தப்ப என் தங்கச்சி ஆயா வேலைக்குச் சேந்தா, அவ ஆக்கிப் போட்டுச் சாப்பிட்டவன் ஒருத்தன் இன்னிக்குத் தாசில்தாரு. சோத்துல என்ன கண்ணு மானம் போகுது.

நான் படிச்ச கதையையும் சொல்லிப் போடறேன். காலைல மாட்டை ஓட்டிட்டுப் போயி வாய்க்கா மேட்டுல கட்டிப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பத்தரை ஆயிரும். வாய்ப்பாடு சொல்றது காலைல முத வேலை, எல்லாரும் சேந்து ராகம் போட்டுச் சொல்லுவாங்க, தெரு முக்கு வரைக்கும் கேக்கும், நான் வரப்புல நடந்து வரும்போது காதுல விழும், நான் உள்ள போறதுக்குள்ள முடிஞ்சு போயிரும். ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் எப்படியோ வந்துருச்சு, அதுக்கு மேல இன்னிக்கும் தெரியாது. அறுபது வருசமா மஞ்சா வித்திருக்கேன், மண்டில கமிசன்காரன் போட்ட கணக்கை ஒரு நாளும் சரின்னோ தப்புன்னோ சொல்ல முடிஞ்சதில்ல, தலைய ஆட்டிட்டுக் காசை வாங்கி மடில கட்டிட்டு வந்துருவேன்.


திருப்பூர்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தாத்தா சொன்னது நெசந்தான், வெக்கப்பட்டுத்தான் பதில் சொல்லல. அந்த டிபனை நான்தான் வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டு பேரும் சம்பாதிக்கறோம், இதுக்கு ஒரு வேளை சோறு ஆக்கிப் போட முடியாதான்னு சொந்தக்காரங்க கேப்பாங்களேன்னு. அதுனால மாமியார் இட்லி ஊத்தி, அவன் கார்ட்டூன் பாத்துட்டு ஒரு இட்லிய அரை மணி நேரம் சாப்பிட்டு, அதுலயே ஒம்பதரை ஆயிருதுங்க.

டீச்சர் சொன்ன கணக்கை நேத்து ராத்திரி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். 52ல 27 போனா எவ்வளவுன்னு. 35ன்னு எழுதினான், அதே மாதிரி. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சுங்க, நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, கம்பெனில டஜன் கணக்குல பீஸ் எண்ணறவ, என் புள்ள நோட்டைத் தெறந்து பாத்து மூணு மாசம் ஆச்சு.

அப்புறம் இன்னொண்ணு. போனைப் புடுங்கச் சொன்னாங்களே, அதையும் பண்ணிப் பாத்தேன். போன் இல்லாமயும் பத்தரை வரைக்கும் கண்ணைத் தேச்சுட்டு உக்காந்துட்டே இருக்கான். ஏண்டா தூங்கலன்னு கேட்டா, நீ வர்றதுக்குள்ள தூங்கிட்டா உன்னைய எப்பப் பாக்கறதுங்கறான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. காலைல அவன் கண்ணு முழிக்கறப்ப நான் சீப்பைக் கையில வெச்சுட்டு ஓடிட்டு இருப்பேன், ராத்திரி வந்தா பாத்திரம், துணி. அவன் எங்கிட்டப் பேசறதே அந்த ஒரு மணி நேரந்தான், அதுக்குத்தான் முழிச்சிருக்கான்.


சாக்பீஸ்_டீச்சர்:

இதைத்தான் சிஸ்டர் நாங்க கிளாஸ்ல இருந்து கண்டுபுடிக்கவே முடியாது. சோம்பேறின்னு எழுதி வெச்சிருவோம்.

ஆறுல இருந்து பன்னண்டு வயசுப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க. அவன் பத்தரைக்கு மேல படுத்தா ஏழரை வரைக்கும் எந்திரிக்க மாட்டான், அது அவன் தப்பில்ல. உங்களோட பேசற நேரத்தை ராத்திரில இருந்து காலைக்கு மாத்திப் பாருங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, உங்க ஸ்கூல்லயும் எட்டு, எட்டேகாலுக்குப் போட ஆரம்பிச்சிருவாங்க. உங்க வேன் எட்டு இருபதுக்குன்னா, ஏழு ஐம்பதுக்கு ரெண்டு பேரும் வீட்ட விட்டுக் கெளம்பி நடந்து போங்க, அவனைத் தட்டோட உக்கார வெச்சுட்டு, வேனை ஸ்கூல் முக்குல நிக்கச் சொல்லி அங்க இருந்தே ஏறிக்கங்க. பத்து நிமிஷ நடைதான், ஆனா அந்தப் பத்து நிமிஷம் உங்க கையில பாத்திரமும் இருக்காது, போனும் இருக்காது. மாமியாருக்கும் முட்டிக்கு ஓய்வு. ராத்திரி ஒம்பதுக்கு நீங்க வந்ததும் மொதல்ல அவன்கிட்ட பத்து நிமிஷம் படுங்க, பாத்திரம் அப்புறம். நாளைக்கு நடந்து போறப்ப பேசிக்கலாம்னு சொன்னா தூங்கிருவான், என் அனுபவத்துல புள்ளைங்க இந்த மாதிரி வாக்கை நம்பும், நீங்க ஒரு நாள் தவறினாத்தான் பிரச்சனை.

கழித்தலுக்கு தீக்குச்சிக் கட்டு ரெண்டு வாங்கிக் குடுங்க, ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம் போதும்.


ஓஎம்ஆர்_வாசி:

சாரி டீச்சர், நான் வேற எதையோ பேசிட்டேன். என் பொண்ணும் நான் ஆபீஸ் போன் கால் முடிச்சுட்டு வர்ற வரைக்கும் முழிச்சுட்டு இருப்பா, நான் அது ஏதோ ஹைப்பர் ஆக்டிவ்னு நெனைச்சுட்டு இருந்தேன்.


திருப்பூர்காரி:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், யாராச்சும் இன்னும் பாக்கறீங்களான்னு தெரியல. மொத வாரம் ரெண்டு நாள் சொதப்பிருச்சு, ஒரு நாள் மழை, ஒரு நாள் நானே எந்திரிக்கல. அதுக்கப்புறம் இது வரைக்கும் ஒரே ஒரு நாள்தான் லேட்டு. வேன் டிரைவர் அண்ணன் கொஞ்சம் மொனகினாரு, இப்ப ஸ்கூல் முக்குலயே நிறுத்தறாரு. எச்எம் சாருகிட்ட மதியம் பிரேக்ல போன்ல பேசினேன், நல்லபடியாத்தான் பேசினாரு, கேட்டுல நிக்க வெக்கறது இனிமே இருக்காதுன்னாரு, பாக்கலாம். திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் ஒரு ஷிப்ட்டோட வந்துரலாமான்னு சூப்பர்வைசரைக் கேட்டிருக்கேன், ஷிப்மெண்ட்டு முடியட்டும்ங்கறாரு, வாரத்துக்கு ரெண்டு அரை ஷிப்ட்டு காசு போகும், அதை வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல.

நடந்து போறப்ப என்னமோ பேசிட்டே வர்றான், பாதி புரியல. பக்கத்துத் தெருவுல இருந்து ஒடியாப் பையன் ஒருத்தன், அவங்க அம்மாவும் கம்பெனிதான், இப்ப எங்ககூடவே வந்துக்கறான், ரெண்டும் முன்னாடி ஓடிருது. கழித்தல் இன்னும் தடுமாறுதுங்க, தீக்குச்சி வெச்சா சரியா வருது, இல்லாம போடச் சொன்னா பழையபடி 35.

ஒரே பிரச்சனை, பொங்கல் சாம்பார்னா ரெண்டு தடவை வாங்கித் திங்கறானாம், உப்புமா போடற அன்னிக்கு மட்டும் வீட்ல தோசை வேணும்னு உக்காந்துக்கறான். அதுக்கு என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.


பவானி_மீன்:

சக்கரை கொஞ்சம் பேப்பர்ல மடிச்சுக் குடுத்து விடுங்க. எங்க வீட்ல அப்படித்தான்.